நான் வைத்த உப்பு

இன்று நம் லேப் சாரின் பிரிவு உபசார விழா. மேசையைக் காலி செய்தபோது கிடைத்ததென்று ஒரு சின்னக் கண்ணாடித் தகட்டைத் தூக்கிக் காட்டினார். நடுவில் வெள்ளையாகப் பூத்த கறை. "நம்ம உப்புக்கை ஞாபகம் இருக்கா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நீ போன பிறகும் அந்தப் பட்டப்பெயர் போகவில்லையடி.

நாம் செய்த முதல் தட்டை வில்லை அது. நகத்தளவு தகட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத கோடித் தூண்கள். அவைதான் ஒளியை வளைத்து ஒரு புள்ளியில் சேர்க்கும். மைக்ராஸ்கோப்பின் கனத்த வில்லை செய்கிற வேலையை அந்தத் தகடே செய்துவிடும். தூண்களைத் திரையில் முதலில் பார்த்தபோது, "நம்ம உப்பளத்துல குவிச்சு வச்ச மாதிரியே இருக்குதுடி" என்றாய். மரக்காணத்தில் உன் அம்மா உப்பு வாரிய பாத்திகள் என் அப்பாவுடையவை. லேபில் நாம் அதைப் பேசியதே இல்லை.

வருஷத்தில் முதலில் வாரும் உப்பில் ஒரு சிட்டிகையைச் சாமி படத்தின் முன் வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். சோதனை நல்லபடியாக முடியட்டும் என்று அந்த உப்பை வில்லைப் பெட்டிக்குள் ஓரமாக வைத்தேன். உப்பு கசியும் என்று எனக்கா தெரியாது? புத்தி எங்கே போயிற்றோ. விடுமுறையில் ஏ.சி. நின்றிருந்தது. திங்கட்கிழமை திறந்தால், உப்புநீர் ஊர்ந்து தூண்களின் மேல் காய்ந்திருந்தது. ஆறு மாத உழைப்பு.

யார் செய்தது என்று சார் கேட்டார். "ஊருக்குப் போயிட்டு வந்து கையைக் கழுவாம தொட்டுட்டேன் சார்" என்றாய் நீ. உடனே நம்பினார்கள். நான்கு மாதம் உன்னை வில்லை செய்யும் அறைக்குள் விடவில்லை.

வெளியே வந்து அழுதேன். "அழுவாதடி. உன் பேரு வந்தா, நான்தான் உன்னைக் கெடுத்தேன்னு உங்கப்பா எங்கம்மாவைப் போட்டு வாட்டி எடுப்பாரு" என்றாய். அப்பா அப்படிப்பட்டவர்தான்.

விஷயம் உன் அம்மாவுக்கும் போயிற்று. அதன் பிறகு நீ சென்னை லேபுக்குக் கிளம்பும்போதெல்லாம், பஸ் ஸ்டாப் குழாயடியில் உன் கையைச் சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவி, முந்தானையால் துடைத்துவிடுவார். "நம்ம உப்பு அங்க ஒட்டிக்கினு போவக்கூடாதும்மா." நான் பக்கத்தில் பையோடு நின்றிருப்பேன். நீ என் பக்கம் திரும்பவே மாட்டாய்.

அப்பா இறந்த பிறகாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. போன ஆடியில் நீயும் போய்விட்டாய்.

இன்று எழுந்து நின்று, "சார், அது நான் வச்ச உப்பு" என்றேன். சிரிப்பு அடங்கிவிட்டது. சார் தகட்டை என் கையில் கொடுத்தார். கைப்பையில் வைத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மரக்காணம் போகிறேன். உன் கை சுத்தமாகத்தான் இருந்தது என்று உன் அம்மாவிடம் சொல்ல வேண்டும்.