பானகம் நனைத்த மடிக்கணினியும் தூதர் பற்றிய கையும்

வளம் பெருகுக! வாய்மை நிலைபெறுக!

பொற்கயலாறு பாயும் நெடுவயல் நாட்டை முறை வழுவாது ஆளும் அரசி திருவுடைநங்கை, அந்த ஆறு பிறக்கும் மேகமலை நாட்டின் காவலர், மன்னர் பரிதிவேலருக்கு விடுக்கும் ஓலை. நும் மலைகளில் மழை பொய்யாதிருக்க! அண்மையில் கன்று ஈன்ற நும் பட்டத்து யானையும் கன்றும் நலமே வாழ்க!

நும் தூதர் அல்லியங்கோதையார் எம் கையைப் பற்றி இழுத்தார் எனக் கேள்வியுற்று, அவரைப் பதவி நீக்கித் திரும்ப அழைத்தீர் என்றறிந்தோம். பற்றியது மெய்யே. பற்றிய காரணம் நும் செவிக்கு எட்டவில்லை. ஆதலின் யாமே உரைக்கின்றோம்.

இரு நாட்டாரும் கார்காலம் முழுதும் வாதிட்டு வகுத்த கால்வாய் வரைபடம், எம் நீர்வள அமைச்சர் மாறநம்பியின் மடிக்கணினியில் மட்டுமே இருந்தது. படி எடுத்து வைக்க அவர் மறந்திருந்தார். மதகொன்றைச் சுட்டிக்காட்ட நும் தூதர் குனிந்தபோது, யாம் அணிவித்த வரவேற்பு மாலை பானகக் குவளையில் சிக்க, குவளை கவிழ்ந்து விசைப்பலகை முழுதும் வெல்லநீர் பாய்ந்தது. மாறநம்பி ஓவென்று அலறினார். நும் தூதரோ கணமும் தாழ்த்தாது மின்கம்பியைப் பிடுங்கி, கணினியை அணைத்து, திறந்தபடியே குப்புறக் கவிழ்த்து வடியவிட்டார்.

உயிர் உள்ளதோ எனப் பார்க்கும் ஆவலில் யாம் இயக்கும் பொத்தானை அழுத்தப் போனோம். அப்போதுதான் எம் கையைப் பற்றி, “ஐயோ, தொடாதீங்க தாயே! ஈரத்தோட மின்சாரம் பாஞ்சா எல்லாம் கருகிடும்!” என்று கூவினார். காவலர் வாளை உருவினர். யாம் கையமர்த்தினோம்.

அரிசிக்குள் புதைக்கலாம் என்றார் ஒருவர்; உலைச்சூட்டைத் துருத்தியால் ஊதலாம் என்றார் இன்னொருவர். அரிசித்தூள் உள்ளே புகும், வெங்காற்று உறுப்புகளை உருக்கும் எனக் கைகூப்பி அனைத்தையும் மறுத்தார் நும் தூதர். பின்னர் எம் பொறியாளர் கயல்மணி பின்மூடியைக் கழற்றி, மின்கலத்தை நீக்கி, ஒட்டியிருந்த வெல்லப்பசையைச் சாராயக் கரைசலும் மென்தூரிகையும் கொண்டு துடைத்து, காற்றாடியின் கீழ்ச் சில நாள் நன்கு உலரவைத்தார். அத்தனை நாளும் அல்லியங்கோதையார் சரியாக உண்ணவில்லை.

இன்று காலை திரை ஒளிர்ந்தது! வரைபடம் ஒரு கோடும் குறையாது விரிந்தது. ‘ழ’ விசை மட்டும் எழும்ப மறுக்கிறது, பொறுத்தோம். மாறநம்பி ஆனந்தத்தில் அவைநடுவே ஆடினார். யாமும் தாளமிட்டோம் என்பதை மறையோம். முதற்பணியாக வரைபடத்துக்கு மூன்று படிகள் எடுக்கப்பட்டன. ஒன்று இவ்வோலையுடன் நும்மிடம் வருகிறது.

ஆகவே வேண்டுகிறோம்: நும் ஆணையை மீட்டு, அவரை அப்பதவியிலேயே இருத்துக. இயலாதெனின் எமக்கே தந்துவிடுக. எம் அவையில் இருக்கை காத்திருக்கிறது. இவ்வேளை அவர் மூட்டை கட்டுகிறார். கோட்டை வாயிலை அடைக்கச் சொல்லிவிட்டோம். நும் நல்மொழி வரும்வரை அவரைப் போகவிடோம்.

இரட்டைக் கயல் முத்திரை எம் கையால் இட்டோம். இவ்வோலை தாங்கி வருவோனை யாரும் தடுக்கற்க. மறுமொழியின்றி அவன் திரும்பற்க. இது எம் ஆணை.