சாரை வெளியே வந்த இடம்

ஜீவனஹள்ளி,
ஏப்ரல் 23, வியாழக்கிழமை

அன்புள்ள சங்கமித்ரா அப்பாவுக்கு,

ரஞ்சிதம் எழுதுவது. நானும் பாப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். குடி மறுவாழ்வு இல்லத்தில் உங்களுக்கு போன் தரமாட்டார்கள், கடிதமென்றால் கொடுப்பார்கள் என்றார்கள். அதனால் எழுதுகிறேன். உங்களோடு மரம் வெட்டப் போகிற கிரண் ஞாயிற்றுக்கிழமை உங்களைப் பார்க்க அங்கே ஆனேக்கலுக்கு வருகிறான். அவன் பேச்சைக் கேட்பதற்கு முன்னால் இது உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும்.

நம் கூரைக்கு மேலே நீண்டிருக்கும் தூங்குமூஞ்சி மரக்கிளையில் போன வருஷம் மரங்கொத்தி பொந்து குடைந்ததே, பாப்பாவைத் தோளில் தூக்கிக் காட்டினீர்களே, அது குஞ்சு பொரித்துப் போனதும் மைனா வந்தது. இந்த வருஷம் மைனாவை விரட்டிவிட்டுக் கிளி குடியேறி, தினமும் குஞ்சுகளின் சத்தம். கீழே அடிமரத்துத் துளையில் ஒரு ஜோடி ஆந்தை. ஒரே மரத்தில் எத்தனை குடித்தனம் என்று பாப்பாவுக்கு ஒரே பெருமை.

செவ்வாய்க்கிழமை காலை துணி காயப்போடப் போனேன். கிளிகள் கத்திக்கொண்டு சுற்றின. நிமிர்ந்து பார்த்தால் பொந்துக்குள் ஒரு பாம்பின் வால் போய்க்கொண்டிருக்கிறது. கூச்சல் போட்டேன். பக்கத்து வீட்டு மமதாதான் பாம்பு பிடிக்கிற சந்திரசேகரனுக்கு போன் பண்ணினாள். அவர் வருவதற்குள் குஞ்சுகளின் சத்தம் நின்றுவிட்டது.

எல்லோரும் பொந்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். பாம்பு அங்கே வரவில்லை. திடீரென்று கீழே ஆந்தைகள் படபடத்துப் பறந்தன. அந்தத் துளையிலிருந்து அது தலையை நீட்டியது. சாரைதான், விஷமில்லை என்று சொல்லி சந்திரசேகரன் பிடித்துப் பையில் போட்டார். நான் மூச்சு விட்டேன். அவர் மட்டும் கிளையையும் நம் கூரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மேல போனது கீழ வந்துச்சுன்னா நடுவுல என்னம்மா இருக்கு? முழுக்க ஓட்டை. மரங்கொத்தி உள்ள உளுத்த இடமாப் பாத்துதான் கொத்தும். அப்பவே உளுத்திருக்கு. மழைக்கு முன்னாடி இங்கேருந்து நகந்துடுங்க" என்றார்.

அதற்கு நேர் கீழேதான் பாப்பா படுக்கிற இடம்.

வீட்டுக்காரர் கிருஷ்ணப்பா, "ஏனு ஆகல்லம்மா" என்கிறார். ஒன்றும் ஆகாதாம். எனக்கு நம்பிக்கையில்லை. சந்துக்குள் கிரேன் நுழையாது, ஆள் ஏறித்தான் வெட்ட வேண்டும். நேற்று கிரண் கயிறு கட்டி ஏறினான். கிளையைத் தட்டிப் பார்த்தவன் உடனே இறங்கிவிட்டான். முகமெல்லாம் வேர்வை. "டமாரம் மாதிரி கேக்குதுக்கா. என்னால ஆகாது. விஜியண்ணன் ஒருத்தராலதான் முடியும். ஒரு நாள் லீவு கேட்டுக் கூட்டிட்டு வரேன்" என்றான். வேண்டாமென்றேன். கேட்கிற மாதிரி தெரியவில்லை.

அவன் கூப்பிட்டால் வராதீர்கள்.

போன வருஷம் வேப்பமரத்தில் வழுக்கி, இடுப்பில் கட்டிய பெல்ட்டில் தலைகீழாகத் தொங்கினீர்கள். அன்று குடித்திருந்தீர்கள். இப்போது குடிக்கவில்லை, தெரியும். ஆனால் கடைசியாக நான் வந்தபோது டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தீர்கள். அப்படியும் சட்டையில் சிந்தியது. நான் பாப்பாவுக்குத் தலை வாருவதுபோல் திரும்பிக்கொண்டேன். அந்தக் கையோடு ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு மேலே போவதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. அதுவுமில்லாமல், பஸ்ஸிலிருந்து இறங்கி வீடு வரை நடக்கிற வழியில் என்னென்ன கடை இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

சாயங்காலமானால் காற்று எழும்புகிறது. கிளை முனகுவது மமதா வீட்டுக்குள்ளிருந்தே கேட்கிறது. இப்போது அங்கேதான் படுக்கிறோம். நாளை துணிமணியோடு ஸ்ரீராம்புரம் பிரிசில்லா அக்கா வீட்டுக்குப் போய்விடுவோம். கிளை விழுந்தால் விழட்டும். வேறு வீடு பார்த்துக்கொள்ளலாம். கிரண் ஆயிரம் சொல்வான், நீங்கள் இல்லாமல் ஆகாதென்று. ஆகும். நாங்கள் சமாளித்துக்கொள்வோம்.

மாத்திரையை விடாதீர்கள். நடுக்கம் வந்தால் வெட்கப்படாமல் நர்ஸைக் கூப்பிடுங்கள். டாக்டர் போகச் சொல்கிற வரைக்கும் அங்கேயே இருங்கள். புத்தர் உங்களைக் கைவிட மாட்டார். அப்பா எப்போது வருவார் என்று பாப்பா கேட்கிறாள். இன்னும் நாளாகும், ஆனால் நல்லபடியாக வருவார் என்று சொல்லியிருக்கிறேன். என் வார்த்தையைப் பொய்யாக்கிவிடாதீர்கள்.

உங்கள்
ரஞ்சிதம்