நம் வீட்டுக் கிணறு கரிக்கிறது

பரங்கிப்பேட்டை,
ஜூன் 1965

பினாங்கில் இருக்கும் அன்பு மகன் முஹம்மது யூசுப்புக்கு, உம்மா ரஹ்மத் பீவி அஸ்ஸலாமு அலைக்கும் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் காவலில் நீ சுகமாக இருக்க ஐந்து வேளையும் துஆ செய்கிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது, மனசு வரவில்லை. யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, பயந்துவிடாதே. நம் வீட்டுக் கிணறு கரிக்க ஆரம்பித்துவிட்டது.

முதலில் எனக்கே தெரியவில்லை. போன மாதம் பருப்பு எவ்வளவு நேரம் கொதித்தும் வேகவில்லை. கடைக்காரர் கண்ணாயிரம் பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டார் என்று நினைத்து, அவர் நம் தெருவோடு போகும்போது கதவுக்குப் பின்னால் நின்றபடியே கத்தித் தீர்த்துவிட்டேன். என்னாம்மா இது, ஊரே இந்தப் பருப்பத்தான் துன்னுது, ஒருத்தரும் வேகலன்னு சொல்லலியே என்றார் பாவம். அடுத்து டீக்குப் பால் ஊற்றினால் திரிந்து போயிற்று. பால்காரி கொளஞ்சியம்மாளைப் பிடித்துக்கொண்டேன், அவள் அழுதுகொண்டே போனாள். தினமும் குடிக்கிற நாக்குக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிற உப்பு தெரியவில்லையடா. ஆற்றுப் பக்கம் குடியிருக்கிற லூர்துசாமி வாத்தியார் ஒரு காலையில் குடத்தோடு வந்து நின்றபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. அவர் வீட்டுக் கிணறு அதற்கு முன்பே வாயில் வைக்க முடியாமல் போயிருக்கிறது. நம் தண்ணீரைக் குடித்துப் பார்த்து, உங்களுதும் போவுதும்மா என்றார். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வெள்ளாறு, நடுவே மணலில் மழைத்தண்ணீர் பாலின் ஆடை மாதிரி மேலாக நிற்கிறதாம், அதற்கு அடியில் உப்புத்தண்ணீராம். குடத்தால் மொண்டால் மேலே இருப்பது மட்டும் வரும், இன்ஜின் வைத்து ஓயாமல் இழுத்தால் அடியில் இருப்பது ஏறி வந்துவிடும், ஏறியது லேசில் இறங்காது என்றார்.

நீ வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாங்கி அனுப்பிய இன்ஜினைக் குறை சொல்ல எனக்கு என்ன கேடு. ஆனால் வீட்டை ஒட்டின நம் தோப்புக் கிணற்றில் அது விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை இரைகிறது. உன் மச்சான் லியாக்கத் அலியிடம் நிறுத்தச் சொன்னேன். யூசுப்பு அனுப்புன இன்ஜினு மாமி, அவன் சொல்லாம நிறுத்தி, தென்னங்கன்னு காஞ்சி போச்சின்னா என்னியதான கேப்பான் என்கிறார். அவர் சொல்வதும் நியாயந்தான், அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் ஜாஸ்தியாகிறது. உன் அக்கா சுல்தானா புருஷனுக்கும் எனக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு சரியாகச் சாப்பிடுவதில்லை. இந்தத் தெருவில் பாதி வீடு நம் கிணற்றை நம்பித்தான் உலை வைக்கிறது, யூசுப். போன வாரம் நம் வாசலுக்கு வந்த பெண்கள் குடத்தைச் சாய்த்து ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு அதையே இடுப்பில் வைத்துக்கொண்டு போனார்கள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அதனால் ஒரு காரியம் செய்துவிட்டேன். நேற்று உன் மச்சான் பள்ளிவாசலுக்குப் போன நேரம் தோப்புக்குப் போய் இன்ஜினைச் சுற்றிக் கிளப்புகிற ஹேண்டிலை எடுத்து வந்து ஒளித்துவிட்டேன். இந்த வயதில் உன் உம்மா திருடியாகிவிட்டாள். நேற்றிலிருந்து மாட்டுக் கொட்டகை, விறகுக் கட்டு, நெல் குதிர் எல்லாவற்றையும் அவர் புரட்டிக்கொண்டிருக்கிறார். என்னைப் பார்க்கிற பார்வையே சரியில்லை, ஆனால் மாமியாரைக் கேட்க வாய் வரவில்லை. நாளை சிதம்பரம் போய் வேறு ஹேண்டில் வாங்கி வருவதாகச் சுல்தானாவிடம் சொல்லியிருக்கிறார். அதை வைத்து மறுபடி ஓட்டினால் நான் என்ன செய்வேன்? கடிதம் கிடைத்த உடனே அவருக்கு, இன்ஜினை நிறுத்துங்கள் என்று தந்தி கொடு. கன்றுகளின் வேரைச் சுற்றித் தேங்காய் மட்டையைப் புதைத்துக் குடத்தால் ஊற்றினால் பாதியாவது பிழைக்கும். ஐப்பசிக்குள் தோப்பில் ஒரு குட்டை வெட்டினால் மழைத்தண்ணீர் ஆற்றுக்கு ஓடாமல் மணலில் இறங்கும். கன்று போனால் வேறு கன்று வைக்கலாம், கோபப்படாதே வாப்பா.

ஹேண்டில் இருக்குமிடம் உனக்கு மட்டும் சொல்கிறேன். ஹஜ்ஜுக்குப் போன உன் பெரியம்மா ஜம்ஜம் தண்ணீரில் நனைத்துக் கொண்டுவந்து கொடுத்த, என்னை அடக்கும்போது சுற்ற வேண்டிய கஃபன் துணி டிரங்குப் பெட்டியில் இருக்கிறதல்லவா, அதன் அடியில் வைத்திருக்கிறேன். நான் இருக்கும்வரை அந்தத் துணியில் யாரும் கை வைக்கமாட்டார்கள். உன் வாப்பா கண்ணை மூடி மவுத்தானபோது இந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான் குளிப்பாட்டினோம். அந்தத் துணியை எடுக்கிற நாளில் என்னையும் நல்ல தண்ணீரில் குளிப்பாட்டட்டும் யூசுப், உப்புத்தண்ணீரில் வேண்டாம்.

வேளைக்குச் சாப்பிடு, தொழுகையை விடாதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தருவானாக. தந்தியை மறக்காதே.

தந்திக்காரன் சைக்கிள் மணிக்குக் காது வைத்திருக்கும் உன் உம்மா,
ரஹ்மத் பீவி