உச்சிவேளைத் தட்டல்

நேற்று மதியம் முத்தியால்பேட்டை வீட்டைத் திறந்ததும் கற்பூர வாசனை வந்தது. சில வருடங்களாகப் பூட்டிக் கிடக்கும் வீடு. சுவரில் ஊறிய வாசனை மழை ஈரத்தில் வெளியே வரும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வாசலிலேயே சற்று நின்றுவிட்டேன். கைப்பையில் உன் சுத்தியல் இருந்தது. பிடியில் நீ சுற்றிவைத்த சிவப்பு டேப் இன்னும் பிசுபிசுக்கிறது.

நீயும் நானும் முதலில் இங்கே வந்தபோது இந்த வீட்டின் கூடத்தில் டியூஷன் நடந்துகொண்டிருந்தது. உச்சிவேளையில் தூணுக்குள்ளிருந்து யாரோ தட்டுகிறார்கள் என்று பிள்ளைகள் பயந்தார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர் வீட்டுக்காரர்; ஐயா என்பதற்குப் பதில் ஊரே அவரை பிரெஞ்சில் முசே என்றுதான் கூப்பிடும். பூசாரியை வரவழைத்துக் கற்பூரம் காட்டினார், தூணில் எலுமிச்சம்பழம் கட்டினார். சத்தம் நிற்கவில்லை. அது பாட்டுக்கு இருக்கட்டும் என்று, மேலே ஒரு மாடி எடுக்கலாமா என்று கேட்க பொறியாளர்களான நம் இருவரையும் அழைத்தார்.

நீ தூணைத் தட்டினாய். மற்ற பொறியாளர்கள் ஒன்றைத் தட்டியதும் அடுத்ததைத் தட்டுவார்கள். கல்லூரி நாளிலிருந்தே உன் பழக்கம் வேறு. தட்டிவிட்டு மூச்சை அடக்கிக் காத்திருப்பாய். அன்று உச்சிவேளையில் அப்படி நின்றபோது உள்ளிருந்து பதில் வந்தது. நான் ஓரடி பின்னால் நகர்ந்தேன். நீ சிரித்தாய்.

"பேய் இல்லடி. தூணு உக்காருது."

வெளியே போய்ப் பார்த்தோம். வாஸ்துப்படி ஈசானிய மூலையில் புதிதாகத் தண்ணீர்த் தொட்டி கட்டியிருந்தார்கள். இடம் போதாமல், அந்தத் தூணின் அஸ்திவாரத்தையே ஒரு பக்கம் கொத்தி எடுத்திருந்தார்கள். தொட்டி கசிந்து மண் இளகி, தூண் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்தது. மத்தியான வெயிலில் மேல்தளம் விரியும்போது விரிசல்கள் ஒன்றோடொன்று உரசின. அதுதான் தட்டல்.

"ஈசானியத்துல தண்ணி இல்லன்னா வூடு விளங்குமா மேடம்?" என்றார் வீட்டுக்காரர்.

"தண்ணி இருக்கும் முசே. வூடுதான் இருக்காது" என்றாய் நீ.

அவர் முகம் சிவந்தது. "மாடி எடுக்கத்தான் கூப்ட்டேன். இருக்கறவங்கள காலி பண்ண இல்ல."

தெருவுக்கு வந்ததும் நான் சொன்னேன்: "பேயின்னே விட்டுடுடி. அவங்களே பயந்து காலி பண்ணிடுவாங்க. நமக்கு எதுக்கு சண்டை?"

"பேய ஓட்டிட்டேன்னு எவனாச்சும் சொன்னா, திரும்பி வந்து உக்காருவாங்க. தூணுக்குப் பூசை தெரியாதுடி."

மறுநாள் உச்சிவேளையில் பிள்ளைகளை அழைத்துப்போக வந்த அம்மாக்களை வாசலில் நிறுத்தி நீ பேசினாய். வீட்டுக்காரர் மொட்டைமாடியிலிருந்து கத்தினார்: "நீ இன்ஜினியரா, பேயோட்டற பொம்பளையா?" வந்தவர்களில் ஒருத்தி உன்னையே மடக்கினாள்: "நேத்து வரைக்கும் பேயின்னாங்கோ, இன்னிக்கு தூணுன்றீங்கோ. இன்னாதான்மா இருக்குது உள்ள?"

"இந்தா, நீயே தட்டிப் பாரு" என்று சுத்தியலை நீட்டினாய்.

அவள் தட்டினாள். நீ சொன்னபடி காத்திருந்தாள். பதில் வந்ததும் சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அதோடு டியூஷன் நின்றது.

அந்த மழைக்காலத்தில் ஒரு பகலில், தூணோரத்து மேல்தளம் பெயர்ந்து வெறும் பெஞ்சுகள் மேல் விழுந்தது. வீட்டுக்காரர் தொட்டியை அப்படியே விட்டு, தூணுக்கு முட்டுக் கொடுத்து, பூசி, வெள்ளையடித்துப் பூட்டிவிட்டார். உனக்கு யாரும் நன்றி சொல்லவில்லை. அதன் பிறகு இந்த ஊரில் வீடு கட்டுகிறவர்கள் உன்னைக் கூப்பிடுவதே குறைந்துபோனது. பிறகு நோய் வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி சுத்தியலை என் பக்கம் தள்ளினாய். அந்த வாரமே போய்ச் சேர்ந்துவிட்டாய்.

வீடு இப்போது கைமாறியிருக்கிறது. வாங்கியவர் பெண்கள் விடுதி வைக்கப்போகிறாராம். கட்டடம் உறுதியாக இருக்கிறது என்று என் கையெழுத்து வேண்டும் அவருக்கு. நேற்று உள்ளே வரத் தயங்கிக்கொண்டே சொன்னார்: "ஒரு அம்மா சுத்தியலோட இந்தத் தூண தட்டிக்கினு நிக்குறாங்களாம் மேடம். பக்கத்துல எல்லாரும் சொல்றாங்க. நீங்க கையெழுத்து போட்டுடுங்க, பரிகாரத்த நான் பாத்துக்கறேன்."

பேய் இல்லை என்று சொன்ன உன்னையே பேயாக்கிவிட்டார்கள். உனக்குச் சிரிப்பு வந்திருக்கும். எனக்கு வரவில்லை.

தட்டினேன். காத்திருந்தேன். உள்ளிருந்து பதில் வந்தது. வெயில், விரிசல், காரணம் தெரியும். சற்றுப் பொறுத்து இன்னொன்று வந்தது. நான் தட்டவில்லை. நீ ஒரு தட்டலுக்கும் அடுத்ததற்கும் நடுவே விடும் அதே இடைவெளி. அதற்கு என்னிடம் காரணம் இல்லை.

அவர் வாசற்படிக்கே போய்விட்டார். "கேட்டீங்களா மேடம்? அந்தம்மாதானே?"

நான் தலையை மட்டும் ஆட்டியிருந்தால் போதும், நேற்றைக்கு ஓடியிருப்பார். பரிகாரம் முடிந்ததும் பெண்களைக் குடிவைத்துவிடுவார்.

"பேய் இல்ல தம்பி. தூண் உக்காருது. கையெழுத்து போட மாட்டேன். வெளிய வாங்க, அந்தத் தொட்டியக் காட்டறேன்."

சுத்தியலைப் பையில் வைத்தபோது, யாரோ அப்போதுதான் கைவிட்டதுபோலப் பிடி வெதுவெதுப்பாக இருந்தது. என் கைச்சூடாகத்தான் இருக்கும். எந்தக் கட்டடத்திலும் தட்டிவிட்டு இப்போது உன்னைப் போலவே காத்திருக்கிறேன். உள்ளிருந்து பதில் வந்தால், அது நீயாகவே இருந்தாலும், தூண் என்றுதான் சொல்வேன்.