நாலே நாளில் சேர்ந்த தூசி

திருவொற்றியூர்
16.9.2008, செவ்வாய்

அன்பு மகன் அறிவுக்கு நைனா எழுதுவது.

இங்கே அம்மா, பாரி, நான் மூன்று பேரும் காய்ச்சல் தலைவலி என்று படுக்காமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நினைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன். வாரா வாரம் போனில் பேசுகிறோமே, இந்த மனுஷன் எதற்குக் கடிதம் எழுத உட்கார்ந்தான் என்று உனக்குத் தோன்றும். போனில் பேசினால் அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள், பாரி உள்ளே படுத்திருக்கிறான், நடுச்சுவரோ கூரை வரைக்கும் போகாத சுவர், ஒரு முனகல்கூட அந்தப் பக்கம் போய்விடும். அதனால் காசிமேட்டு ஐஸ் பிளான்டிலேயே, கம்பிரசர் சத்தத்துக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் தரை அதிர்கிறது என்று எடுத்துக்கொள்.

அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான், தைலம் தேய்த்துக்கொண்டே மாடிப்படி ஏறுகிறாள், சொன்னால் கேட்பதில்லை. உன் தங்கை எழில்மொழி பிரசவத்துக்கு ஐப்பசியில் வருகிறாள், அதற்குள் வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்று அம்மா என்னைப் பிடுங்கி எடுக்கிறாள். மீன்பிடி போட்டுகள் நன்றாக ஓடுகின்றன, எங்களுக்கும் ஐஸ் உடைத்து மாளவில்லை, ஆள் பற்றாக்குறை. இதெல்லாம் இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பொங்கலுக்கு வரவில்லை, பிளேன் டிக்கெட்டுக்கு வைத்திருந்ததில் தம்பிக்குப் புது கம்ப்யூட்டர் வாங்கி அனுப்புகிறேன், அந்த ஊர் அனல்மின் நிலையச் சாம்பலில் எந்த மெஷினும் நிற்காது, வீட்டையே அம்பத்தூர் பக்கம் மாற்றிவிடலாம் என்றாய். அறிவு, பாரியின் கம்ப்யூட்டரில் இருந்த அந்த கிராபிக்ஸ் கார்டு சூடாகிச் செத்ததற்குச் சாம்பலும் காரணமில்லை, உப்புக் காற்றும் காரணமில்லை. அதைக் கெடுத்தது நான்தான். வேண்டுமென்றே செய்தேன்.

முதலிலிருந்து சொல்கிறேன், திட்டுவதென்றால் முழுவதும் படித்துவிட்டுத் திட்டு. போன டிசம்பரில் எண்ணூர் ரோட்டில் அந்தக் கன்டெய்னர் லாரி இடித்து ஞானதுரை போனதிலிருந்து பாரி எப்படி இருக்கிறான் என்று உனக்குத் தெரியாததில்லை. பைக்கை ஓட்டியது இவன், பின்னால் உட்கார்ந்திருந்த சிநேகிதன் போய்விட்டான், இவனுக்கு முழங்கையில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். பாலிடெக்னிக் கடைசி வருஷம் அப்படியே நின்றது. எங்களிடம் பேச்சு நின்றது. சாப்பிடு என்றால் சாப்பிடுவான், குளி என்றால் குளிப்பான். நீ டிப்ளமா படிக்கும்போது ரிச்சி தெருவில் ஒவ்வொரு சாமானாக வாங்கிச் சேர்த்த அந்தப் பழைய கம்ப்யூட்டரில், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு சாயங்காலம் ஏழு மணிக்கு உட்கார்ந்தால்தான் அவனிடமிருந்து ஒரு சத்தம் வரும். பின்னாடி பாரு, லெஃப்ட்ல வா, சுடு சுடு என்று ஏதோ கத்துவான். எனக்கு அது பிடிக்கவில்லைதான், ஆனாலும் விட்டுவைத்திருந்தேன்.

ஜூலை கடைசியில் ஒருநாள் சாயங்காலம் அவன் சிரித்தான். சாதாரணச் சிரிப்பில்லை, சின்ன வயதில் சிரிப்பானே, மூச்சுப் பிடித்துக்கொண்டு, அந்த மாதிரி. அந்த நேரம் பார்த்து ஞானதுரையின் அம்மா ஆலிஸ் நம் ஜன்னலுக்கு நேர் கீழே தெருக்குழாயில் குடத்தோடு நின்றிருந்தாள். மேலே ஒருமுறை பார்த்தாள். நான் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன், அந்தப் பார்வை என்மேல் பட்டது. பிள்ளையைப் பறிகொடுத்தவள் காதில் விழும்படி நம் வீட்டில் சிரிப்பா என்று எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. அவனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் உடைந்துவிடுவானோ என்று பயம், சொல்லாமல் இருக்க ஆத்திரம், இரண்டுக்கும் நடுவில் இந்தக் கிழவன் புத்தி கோணலாகப் போனது.

முப்பத்திரண்டு வருஷமாக எனக்குச் சம்பளம் கொடுப்பதே சூட்டை வெளியேற்றுவதற்குத்தான். கண்டென்சர் குழாயில் அடைப்பு விழுந்தால் சூடு வெளியேற வழியில்லாமல் பிரஷர் ஏறும், கம்பிரசர் தானாக நின்றுவிடும், யாரும் ஸ்விட்சைத் தொட வேண்டியதில்லை. கம்ப்யூட்டரும் மெஷின்தானே என்று நினைத்தேன். அவன் குளிக்கப் போன நேரத்தில் கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கவாட்டுக் கதவைக் கழற்றிப் பார்த்தேன். அந்தக் கார்டின்மேல் சின்ன விசிறி, அதற்கு அடியில் வரிசையாக மெல்லிசுத் தகடுகள், நடுவில் ஏற்கெனவே கொஞ்சம் தூசி. என் தலையணையிலிருந்து ஒரு பிடி பஞ்சை எடுத்தேன், ஜன்னல் கம்பியில் படிந்திருந்த கரியில் புரட்டினேன், சைக்கிள் கம்பியால் தகடுகளுக்கு நடுவே குத்தி அடைத்தேன். பார்த்தால் யாரும் தூசி என்றுதான் சொல்வார்கள்.

அதற்கப்புறம் நடந்தது உனக்கே தெரியும். திரையில் கலர் கலராகக் கோடு வந்தது, படம் அப்படியே உறைந்தது, பிறகு பொத்தென்று அணைந்தது. கூட விளையாடியது நீதான் என்பதே எனக்கு அப்போதுதான், நீ பதறிக்கொண்டு போன் செய்தபோதுதான் தெரிந்தது. யாரோ ஊர் பேர் தெரியாத பையன்கள் என்று நினைத்திருந்தேன். தெரிந்ததும் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. அண்ணன்காரனே இவனைக் கெடுக்கிறானே என்று உன்மேலும் ஒரு கோபம் சேர்ந்துகொண்டது. நீ அங்கிருந்து சொல்லச் சொல்ல அவன் செய்தான், நான் பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்து எல்லாம் கேட்டேன். சூடு எவ்வளவு என்று திரையில் பார் என்றாய், நூறைத் தாண்டிப் போகிறது என்றான். பக்கவாட்டுக் கதவைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனைத் திருப்பி வை என்றாய், அம்மாவின் ஃபேன் போய்விட்டது, அவள் புழுக்கத்தில் விசிறிமட்டையால் வீசிக்கொண்டு சமைத்தாள். பிரஷ் போட்டு ஊது என்றாய், சூடு கடத்துகிற பசை புதிதாக வாங்கித் தடவு என்றாய். சுத்தம் செய்தால் எழுபதுக்கு இறங்கிவிடும். நாலு நாள் நன்றாக ஓடும். ஐந்தாம் நாள் நான் மறுபடியும் அடைப்பேன். இப்படி நான்கு தடவை.

நாலு நாளில் இவ்வளவு தூசியா என்று நீ மலைத்துப்போனாய். நம்ம ஊரு காத்துண்ணா என்றான் அவன். வேறு எந்த ஊரிலாவது இதை நம்புவார்களா சொல். இங்கே நம்பினோம். வடக்கே அனல்மின் நிலையத்திலிருந்து சாம்பல், தெற்கே துறைமுகத்திலிருந்து கரி, காலையில் துடைத்த ஜன்னல் சாயங்காலம் கறுப்பு, காயப்போட்ட துணியை அம்மா உதறி உதறி மறுபடி அலசுகிறாள். தப்பு செய்தவன் ஒளிந்துகொள்ள இதைவிட நல்ல ஊர் கிடைக்காது.

ஆகஸ்ட் கடைசியில் திரை கறுத்துப்போய் வரவேயில்லை. எத்தனை தடவை பட்டனை அமுக்கினான் என்று எண்ணவில்லை, நான் எழுந்து வெளியே போய்விட்டேன். அன்றிலிருந்து சுவரைப் பார்த்துப் படுத்தவன்தான். நான் நினைத்தது, மெஷின் நின்றால் எழுந்து வெளியே வருவான், காலேஜுக்குப் போவான், நம்மோடு பேசுவான் என்று. நடந்தது, வீட்டில் அவன் குரலே இல்லாமல் போனது. ஏழு மணி ஆனால் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்க்கிறாள், திரும்பிப் போகிறாள். போன வாரம் குழாயடியில் ஆலிஸ் என்னைக் கேட்டாள், பையனுக்கு உடம்பு சரியில்லையா, சத்தமே காணோமே என்று. குடம் பாதி நிறைந்ததும் அப்படியே தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

சனிக்கிழமை அவனாகவே எழுந்து கார்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டான். தனியாக விடமுடியுமா, ரோட்டைக் கடக்க இன்னமும் என் சட்டையைப் பிடிக்கிறான், இருபது வயதுப் பிள்ளை. ரிச்சி தெருவில் ரஹீம் என்றொரு மெக்கானிக், சின்னக் கடை, கெட்டிக்காரன். விசிறியைக் கழற்றித் தகட்டுக்கு அடியில் இடுக்கியை விட்டு இழுத்தான். மேலே இருந்ததை நான் முன்பே எடுத்துவிட்டேன், உள்ளே போனது எனக்குத் தெரியவில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது தூசி இல்ல தலைவா, தலவாணிப் பஞ்சு. யாரோ வேணும்னே குத்திகீறாங்கோ" என்றான். சிப் கருகிவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றும் சொன்னான். பாரி என்னைப் பார்க்கவில்லை. அந்தப் பஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றான். வீட்டில் இருப்பது மூன்று பேர், அவனுக்குக் கணக்குப் போட எவ்வளவு நேரம் ஆகும்.

பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில்தான் உட்கார்ந்து வந்தோம். ராயபுரம் தாண்டியதும் ஜன்னல் பக்கம் திரும்பியபடியே சொன்னான், "இன்னாத்துக்கு நைனா பஞ்சு கிஞ்சுலாம். ஒரு வார்த்த சொல்லிருந்தா நானே நிறுத்திருப்பேன்." ஒன்பது மாதத்தில் அவன் என்னிடம் பேசிய நீளமான பேச்சு அதுதான். மன்னித்துவிடுடா என்று சொல்ல வாயைத் திறந்தேன். இறங்கினதும் டீ சாப்பிடுறியா என்றுதான் வந்தது. வேண்டாம் என்றான்.

மறுநாள்தான் நீ போன் செய்தாய். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள் அம்மா. கடையில் என்ன சொன்னார்கள் என்று நீ கேட்டதும் நான் செத்தேன் என்று நினைத்தேன். "ஊரு தூசிதாண்ணா, கார்டு போச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான். என்னைக் காப்பாற்றப் பொய் சொல்கிறான் அறிவு. அந்தப் பொய்யை நம்பித்தான் நீ பொங்கலுக்கு வரவில்லை என்கிறாய். ஏற்கெனவே ஒரு சாவைச் சுமந்துகொண்டிருக்கிறவன் தலையில் என் திருட்டுத்தனத்தையும் ஏற்றிவைத்திருக்கிறேன், இதைச் சுமக்கவிட்டால் நான் அப்பனே இல்லை.

அதனால் புது கம்ப்யூட்டர் வாங்காதே, பொங்கலுக்கு நீ வா. அதுவரை தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு, உனக்கு அங்கே ஒன்பதரை, என் போனுக்குக் கூப்பிடு, அவன் கையில் கொடுத்துவிட்டு நான் வெளியே போய்விடுகிறேன். எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசுங்கள், அந்தச் சுடுகிற விளையாட்டைப் பற்றியே பேசினாலும் சரி, சிரித்தாலும் சரி. என்னிடம் மட்டும் பரவாயில்லை நைனா என்று சொல்லாதே, பரவாயில்லாத காரியம் இல்லை இது. அம்மாவுக்கு இன்னும் தெரியாது, அவளிடம் நானே சொல்கிறேன், வாங்கிக் கட்டிக்கொள்கிறேன். நீ மழையில் நனைந்துகொண்டு வேலைக்குப் போகாதே, பல்வலி என்றாயே, டாக்டரிடம் காட்டினாயா. அம்மாவும் நானும் உன்னை நினைக்காத வேளை இல்லை, எந்தக் குறையும் இல்லாமல் நீ நீண்டகாலம் நன்றாக இருக்க வேண்டும்.

இந்தக் கவரை நான் ஒட்டவில்லை. வீட்டுக்குப் போனதும் பாரியிடம் கொடுத்துத் தபாலில் போட்டுவிட்டு வரச் சொல்லப்போகிறேன். பிரித்துப் படிப்பான் என்று தெரியும், படிக்கட்டும் என்றுதான் அப்படியே கொடுக்கிறேன், நேரில் எனக்கு வாய் வரவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல் கிழித்துப் போட்டாலும் போடுவான். இது உன் கைக்கு வந்து சேர்ந்தால், அவன் படித்துவிட்டு அவன் கையாலேயே ஒட்டி அனுப்பியிருக்கிறான் என்று தெரிந்துகொள்.

இப்படிக்கு,
உன் நைனா
சி. லட்சுமணன்