வாசல் இல்லாத நான்காம் வீடு

அனுப்புநர்:
அ. பிரவீனா,
த/பெ. அந்தோணி,
ஐயம்பேட்டை, காஞ்சிபுரம்.

பெறுநர்:
உயர்திரு தனி அலுவலர் அவர்கள்,
நகர மாதிரிக் காட்சிக்கூடம்,
காஞ்சிபுரம்.

பொருள்: நகர மாதிரியில் குழாயடிச் சந்தின் நான்காம் வீட்டை மீண்டும் வைக்கவும், அங்குள்ள அட்டையை எடுக்காமல் விடவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

முதலில் நான் கண்டது ஒரு செருப்பு வார். மரத்தில் செய்த மாதிரியைக் கேமரா பார்த்தால், கணினித் திரையில் அதன் தெருக்களில் மனிதர்கள் நடக்கிறார்கள் அல்லவா? திரையைப் பெரிதாக்கியபோது ஒரு பெண்ணின் இடது செருப்பில் ஊக்கு குத்தியிருந்தது. பிறகுதான் முகத்தைப் பார்த்தேன். என் அம்மா ரேணுகாம்பாள்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். மாதிரியைப் பழுதுபார்க்கும் வேலையில் சேர்ந்து, கோபுரங்களுக்கு நடுவே பிரஷால் தூசி தட்டுகிறேன். 2007இல் இந்த மாதிரிக்காக எங்கள் சந்தில் படம் எடுக்க வந்தவர்கள், குடத்தோடு வந்த அம்மாவை இரண்டு முறை நடக்கச் சொன்னது நினைவிருக்கிறது. அடுத்த ஆண்டு சாலைக்காக எங்கள் சந்து போனது. ஐயம்பேட்டைக்குக் குடிபோன மூன்றாம் மாதம் அம்மா காய்ச்சலில் இறந்துவிட்டார்.

காட்சிக்கூடத்தில் மழை ஒழுகியதில் மாதிரியில் இருந்த எங்கள் சந்தும் ஊறிப்போனது. இப்போது இல்லாத சந்து என்பதால் எட்டு வீடுகளையும் பெயர்த்துச் சாம்பல் வண்ணம் அடித்துவிட்டார்கள். சந்தின் ஓரத்தில் ஒட்டியிருந்த, கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட அட்டையை மட்டும் தச்சர் கலியன் தொடவில்லை. "யாரோ திருஷ்டிக்கு ஒட்டிக்கிறாங்கபா, அதுல கை வெச்சிடாதீங்க" என்றார். அந்த அட்டையைப் பார்த்துத்தான் கேமரா அம்மாவைக் காட்டுகிறது என்று எங்களில் யாருக்கும் அப்போது தெரியாது.

முன்பு அம்மா குழாயடியிலிருந்து வந்து நான்காம் வீட்டு வாசலில் மறைவாராம். உள்ளே போனதுபோல் இருக்கும் என்று இங்கே முன்பே வேலை பார்த்தவர்கள் சொன்னார்கள். இப்போது வெறும் சாம்பல் தரையில் நின்று மறைகிறார். மறுபடி குழாயடியில் குடத்தோடு தோன்றுகிறார். கணினியை நிறுத்தும்வரை இப்படியேதான். நான் திரும்பி நின்று தூசி தட்டினாலும் அம்மா எதுவரை வந்திருப்பார் என்று எனக்குத் தெரிகிறது.

"இல்லாத சந்துல இந்தம்மா எதுக்குமா நடக்கணும்? திங்கக்கிழமை அட்டைய எடுத்துடறேன்" என்று கணினி பார்க்கும் சந்தோஷ்குமார் சார் சொன்னார். அது என் அம்மா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கள் வீட்டில் அம்மாவின் போட்டோ ஒன்றுகூட இல்லை. அதனால் எழுதுகிறேன்.

சந்து முழுவதையும் கேட்கவில்லை ஐயா. தீப்பெட்டி அளவில் ஒரு வீடு போதும். திங்கட்கிழமைக்குள் தாங்கள் ஒருமுறை வந்து திரையைப் பார்த்து, அம்மா வீட்டுக்குள் போக உத்தரவிட வேண்டுகிறேன்.

நாள்: 18.09.2009
இடம்: காஞ்சிபுரம்

பணிவுடன்,
அ. பிரவீனா

இணைப்பு: தீப்பெட்டியில் செய்த வீடு ஒன்று. நிலைக்குப் பச்சை அடித்து, கதவைத் திறந்தபடி ஒட்டியிருக்கிறேன்.