பத்தாம் நம்பர் சட்டை

கோவில்பத்து,
காரைக்கால்.
18.11.2025

அன்பு மகள் பாரதிப்ரியாவுக்கு அம்மா ஆசையாக எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அப்பாவும் இந்த மழைக்கும் காய்ச்சல் இருமல் அண்டாமல் நல்லபடியாக இருக்கிறோம். அங்கே லியோனில் நீயும் மாப்பிள்ளையும் குளிருக்குக் காதை மூடிக்கொண்டு சுகமாக இருக்க வேண்டும் என்று நம் தெருப் பிள்ளையாரிடம் தினம் ஒரு தடவை சொல்லி வைக்கிறேன். தினமும் வீடியோவில் பார்க்கிற பெண்ணுக்கு எதற்குக் கடுதாசி என்று நீ சிரிப்பாய். போனில் பேசினால் உன் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார், நான் சொல்லப்போவதோ அவரைப் பற்றி. பக்கத்து வீட்டு மர்யம் வியாழக்கிழமை தன் மகனைப் பார்க்க உங்கள் ஊருக்குக் கிளம்புகிறாள். அவள் பையில் உனக்குக் கருவாடும் வெங்காய வடகமும் வைத்திருக்கிறேன், நடுவில் இந்தக் கடுதாசி. வாடை அடித்தால் பொறுத்துக்கொண்டு படி.

விஷயம் என்னவென்றால், உன் அப்பா இப்போது வெண்புறா கால்பந்துக் கழகத்தின் மேனேஜர் இல்லை. பதறாதே, உடம்பெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, காலையில் ஆறு இட்லி சாப்பிட்டார். பத்தொன்பது வருஷம் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அவரை இறக்கியது யார் என்று கேட்பாய். நான்தான். முதலிலிருந்து சொல்கிறேன், அதற்குள் என்னைத் திட்டாதே.

இந்த வருஷம் எட்டு ஆட்டத்தில் ஏழு தோல்வி, ஒன்று சமன், அதுவும் மழை வந்து பாதியில் நின்றதால். முதல் டிவிஷனில் கடைசி இடம் நம்முடையது. கடைசியில் நிற்கிறவர்களை இரண்டாம் டிவிஷனுக்கு இறக்கிவிடுவார்களாம், இறக்கிவிட்டால் நல்லா ஆடுகிற பிள்ளைகள் எல்லாம் வேறு கிளப்புக்குப் போய்விடுவார்கள், அப்புறம் வெண்புறாவும் இல்லை, ஒன்றும் இல்லை என்று செயலாளர் தங்கப்பன் புலம்பிக்கொண்டே இருந்தார், அதான் கடைத்தெரு முனையில் டீக்கடை வைத்திருக்கிறாரே அவர். ஒருநாள் துணிந்து, "அண்ணே, மேனேஜர மாத்திப் பாப்பமாண்ணே" என்று கேட்டுவிட்டார். உன் அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "தாராளமா மாத்துங்க, யாரு வேணாங்குறா" என்று சொல்லி அந்த நிமிஷமே அட்டையை எடுத்துத் தன் முத்து முத்தான கையெழுத்தில் அனுபவமுள்ள மேனேஜர் தேவை, நேரில் வரவும் என்று எழுதி நம் வீட்டு போன் நம்பரையும் போட்டுக் கொடுத்தார். கால்பந்து என்கிற வார்த்தையை மட்டும் எழுதவில்லை. மறந்துவிட்டாரா, ஒருத்தரும் வரக்கூடாது என்று வேண்டுமென்றே விட்டாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அட்டை டீக்கடையில் தொங்கியது.

முதலில் வந்தவர் சுவாமிநாதன் சார். பேங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், நெரவிப் பக்கம் வீடு. இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஃபைல், உள்ளே சான்றிதழ் நகல் எல்லாம் கையெழுத்து வாங்கி வைத்திருந்தார். உட்கார்ந்ததும் எத்தனை ஸ்டாஃப் என்று கேட்டார். உன் அப்பா கொஞ்சமும் முகம் மாறாமல், பதினோரு பேர் உள்ளே, அஞ்சு பேர் வெளியே உட்கார்ந்திருப்பாங்க என்றார். அதற்கு சார், "அஞ்சு பேர் சும்மா உக்காந்துருக்காங்களா, மொதல்ல வேல செய்யாத ஒருத்தர எழுப்பி வெளிய அனுப்பிட்டு அந்த அஞ்சுல ஒருத்தர உள்ள உடுங்க சார்" என்று சொன்னாரே பார்க்கணும், நான் அடுப்படியில் முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டேன். விஷயம் தெரிந்ததும் அவரும் சிரித்து, காபி குடித்துவிட்டுப் போனார். ஆனால் அவர் சொன்னது எனக்குள்ளேயே நின்றுவிட்டது. அந்த வேலை செய்யாத ஒருத்தர் யார் என்று எனக்கு இரண்டு வருஷமாகவே தெரியும்.

எப்படித் தெரியும் என்றால், பத்தொன்பது வருஷமாக அந்தக் கழகத்துச் சட்டை பதினாறையும் துவைக்கிறவள் நான். நீ வாங்கிக் கொடுத்த மெஷினில் போட்டால் மண் அடைத்துக்கொள்கிறது, அதனால் கல்லில்தான். ஒரு தடவைகூட நான் மைதானத்துக்குப் போய் ஆட்டம் பார்த்தது கிடையாது, ஆனால் யார் ஓடினான், யார் விழுந்தான், யார் சும்மா நின்றான் என்று சட்டை சொல்லிவிடும். அதில் பத்தாம் நம்பர் சட்டைக்கு இரண்டு வருஷமாக சோப்பே தேவையில்லை. தண்ணீரில் முக்கி எடுத்தால் போதும், செண்டு வாசனைகூட அப்படியே இருக்கும். பத்தாம் நம்பர் யார் என்று உனக்குத் தெரியாதா, உன் அத்தை மகன் நெடுமாறன்தான். ஒருகாலத்தில் அவன் ஓடினால் பிடிக்க ஆள் கிடையாது, இல்லை என்று சொல்லவில்லை. இப்போது முப்பத்திரண்டு வயது, தொப்பை எட்டிப் பார்க்கிறது. உன்னை அவனுக்குக் கட்டிக் கொடுக்கவில்லை என்று பூவாயி அண்ணிக்கு இருந்த குறைக்கு ஈடாகத்தானே உன் அப்பா அந்தப் பத்தாம் நம்பரைக் கொடுத்தார். பெண்ணைக் கொடுக்காத தம்பி சட்டையையாவது பிடுங்காமல் இருக்க வேண்டும் என்று ஓட முடியாதவனை முன்னால் நிறுத்தி வைத்திருந்தார். ஊருக்கே தெரியும், ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. நானும்தான்.

இரண்டாவதாக வந்தவர் சேக் அலாவுதீன். உனக்கு ஞாபகம் இருக்கலாம், நம் கிளப்பிலேயே கோல்கீப்பராக இருந்தவர், இப்போது ஸ்கூல் வேன் ஓட்டுகிறார், புதுச்சேரிக்குப் போய்ப் படித்துப் பயிற்சியாளர் பரீட்சையும் பாஸ் செய்திருக்கிறார். அவர் வந்தபோது அப்பா வீட்டில் இல்லை. கொல்லைப்பக்கம் நான் சட்டைகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன், அலசியவை கொஞ்சம் கொடியில், துவைக்காதவை கொஞ்சம் கீழே குவியலாக. உட்காருங்க தம்பி என்றேன், உட்காரவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அந்தக் குவியலையே பார்த்தார். குனிந்து ஒன்றை எடுத்து விரித்துப் பார்த்தார், வைத்தார், இன்னொன்றை எடுத்தார். அப்புறம் மெதுவாக, "ஏங்க்கா, இந்தப் பத்தாம் நம்பர தொவச்சிட்டீங்களா" என்று கேட்டார். இல்லை தம்பி, இனிமேல்தான் என்றேன். அவர் அதை மடித்துக் குவியலின் மேலேயே வைத்தார். இத்தனை வருஷத்தில் நான் பார்க்கிற மாதிரி அந்தச் சட்டைகளைப் பார்த்த ஆள் அவர் ஒருத்தர்தான் பாரதி.

ஒன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை நம் கூடத்தில் கமிட்டி கூடியது. உன் அப்பாவே தொடர்வதா, அலாவுதீன் வருவதா என்று ஆறு பேரும் சீட்டு எழுதி எவர்சில்வர் டப்பாவில் போட்டார்கள், உன் அப்பாவும் போட்டார், யாருக்கு என்று கேட்காதே. பிரித்தால் மூன்றுக்கு மூன்று. இனி என்ன செய்வது என்று தங்கப்பன் பழைய பதிவுப் புத்தகத்தைப் புரட்டினார். புரட்டிக்கொண்டே போனவர் சட்டென்று நின்று, "அண்ணே, ஏழாவதா ஒரு பேரு இருக்குண்ணே" என்றார். கழகத்தைப் பதிவு செய்தபோது ஏழு பேர் கையெழுத்து வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள், ஆள் ஆறுதான் இருந்திருக்கிறது. உன் அப்பா ஒரு தாளை அடுப்படிக்குக் கொண்டுவந்து இதுல ஒரு கையெழுத்துப் போடு என்றார், எதற்கு என்றேன், சும்மா ஆள் கணக்குக்கு என்றார். நான் ரேஷன் கார்டு விஷயம் என்று நினைத்துப் போட்டேன். நீ அப்போது ஆறாவது படித்துக்கொண்டிருந்தாய். அந்தக் கையெழுத்துதான் இப்போது வந்து நின்றது. "அக்கா, கொஞ்சம் இங்க வாங்க" என்று கூப்பிட்டார்கள். அடுப்படியில் இனிப்புச் சுழியம் சுட்டுக்கொண்டிருந்தவள் மாவுக் கையோடு போய் நின்றேன்.

உன் அப்பா, "அவளுக்கு என்னய்யா தெரியும் பந்தப் பத்தி" என்று சிரித்தார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூட விட்டிருப்பேன், நிஜமாகவே நம்பிச் சொன்னார், அதுதான் சுருக்கென்றது. நான் சொன்னேன், நாலாம் நம்பர் சட்டையில் இடது தோளில் மட்டும்தான் மண், அவன் வலது பக்கம் விழப் பயப்படுகிறான், ஏதோ அடி பட்டு மறைக்கிறான், கேளுங்கள் என்றேன். கோல்கீப்பர் சட்டையில் முதுகில்தான் மண் இருக்கிறது, முன்னால் பாய்கிறவனுக்கு நெஞ்சில் அல்லவா படும் என்றேன். பதினாலாம் நம்பர் சட்டை இன்னும் கடையில் வாங்கின மடிப்பு கலையாமல் வருகிறது, அந்தப் பையனை ஏன் இறக்குவதில்லை என்றேன். பத்தாம் நம்பரைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை, சொல்லவும் தேவைப்படவில்லை. அலாவுதீன் தம்பியே வரட்டும் என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். உன் அப்பா முகத்தைப் பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். எண்ணெயில் கிடந்த சுழியம் அத்தனையும் கருகிப்போயிற்று.

அப்புறம் நாலு நாள் உன் அப்பா என்னோடு பேசவில்லை. மோர் வேண்டும் என்பதைக்கூடச் சுவரைப் பார்த்துத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பூவாயி அண்ணி விழிதியூரிலிருந்து போன் போட்டு, "பொண்ணத்தான் குடுக்கல, இப்ப பந்தயும் புடுங்கிட்டியா, என் தம்பிய அவன் வீட்டுலயே வச்சு எறக்கிட்டியேடி" என்று பிடிபிடி என்று பிடித்தார். கார்த்திகைக்கு உங்கள் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்றார். நான் செய்தது சரிதானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நாற்பது வருஷத்தில் அந்த மனுஷர் ஆசையாகச் செய்த ஒரே காரியம் அது, அதைப்போய் மாவுக் கையால் தட்டிவிட்டோமே என்று இருந்தது.

போன வியாழக்கிழமை அலாவுதீன் வந்தார். நேராக அப்பா எதிரில் உட்கார்ந்து, நெடுமாறனை முன்னாலிருந்து எடுத்துப் பின்னால் தடுப்பில் நிறுத்தப்போவதாகச் சொன்னார். "நம்பரு அவருதுதாண்ணே, எடம் மட்டுந்தான் மாறுது. அவருக்குக் கண்ணு நல்லா இருக்கு, காலுதான் கொறஞ்சுபோச்சு. பின்னால கண்ணு போதும்ணே" என்றார். இன்னொன்றும் சொன்னார், இனி அவரவர் சட்டையை அவரவரே துவைக்க வேண்டுமாம், அக்காவுக்கு ஓய்வு. உன் அப்பா மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "மழ பேஞ்சா அந்தப் பக்கம் வழுக்கும், பாத்து நிக்கச் சொல்லு" என்றார். அவ்வளவுதான். எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். அந்தப் பக்கமே போக மாட்டேன் என்று காலையிலிருந்து சொன்னவர், சாயங்காலம் நாலு மணிக்கு நீ போன தீபாவளிக்கு அனுப்பிய வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு, கறிவேப்பிலை வாங்கிவரப் போகிறேன் என்று கிளம்பினார். நம் கொல்லையில் கறிவேப்பிலை மரம் காடாக நிற்கிறது. இருட்டுகிற நேரத்துக்குத் திரும்பி வந்தார். கறிவேப்பிலையும் இல்லை, குடையும் இல்லை. வாசலிலேயே நின்றுகொண்டு, "தலையால போட்டான், அஞ்சுகம்" என்றார். கமிட்டி கூடி ஒரு வாரம் கழித்து அன்றைக்குத்தான் என் பெயரைச் சொன்னார். அப்புறம் தங்கப்பன் வந்து முழுக்கதையும் சொன்னார். ஒன்றுக்கு ஒன்று என்று இருந்ததாம், முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது நமக்கு கார்னர் கிடைத்திருக்கிறது, பின்னாலிருந்து நெடுமாறன் மெதுவாக நடந்து போய் நின்று எகிறித் தலையால் முட்டி கோல் போட்டுவிட்டானாம். போட்டவன், தன்னோடு ஆடுகிறவர்களிடம் போகவில்லை, கம்பத்துக்குப் பின்னால் குடைபிடித்து மறைந்து நின்றிருந்த தன் மாமாவிடம் ஓடி வந்திருக்கிறான். வருகிற ஞாயிறு நெரவி அணியோடு கடைசி ஆட்டம், சமன் செய்தாலே முதல் டிவிஷனில் நிலைத்துவிடுவோமாம். பூவாயி அண்ணியும் போன் செய்து கார்த்திகைக்கு அப்பம் எத்தனை சுடுகிறாய் என்று கேட்டுவிட்டார்.

நீ குளிரில் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வெளியே போகாதே, மாப்பிள்ளைக்கு வடகம் பிடிக்கும், உனக்கே என்று எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளாதே. லீக் இருக்கிறது, லீக் இருக்கிறது என்று சொல்லி இத்தனை வருஷமும் உன்னிடம் வராமல் இருந்தவருக்கு இனி சாக்கு கிடையாது, சித்திரையில் வரச் சொல்லி நீயே வாய்விட்டுக் கேள். இந்தக் கடுதாசியைப் பற்றி மட்டும் போனில் மூச்சு விடாதே, ஆட்டம் எப்படிப்பா இருந்துச்சு என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனைக் கீழே வைத்துவிட்டு உன் வேலையைப் பார், அவர் ஒரு மணி நேரம் பேசுவார். நீயும் உன் குடும்பமும் குறைவில்லாமல், கூடிச் சிரித்துக்கொண்டு நூறு வருஷம் இருக்க வேண்டும்.

நீ அனுப்பிய அந்த வெள்ளைச் சட்டையை நான் இன்னும் துவைக்கவில்லை. கொடியில் அப்படியே தொங்குகிறது. நெஞ்செல்லாம் சேறு, முதுகில் இரண்டு உள்ளங்கை, பத்து விரலும் எண்ணலாம். பத்தொன்பது வருஷமாக எல்லோர் சட்டையையும் பார்த்தேன், உன் அப்பா சட்டையில் மைதானத்து மண்ணை இப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
உ. அஞ்சுகம்,
ஏழாவது உறுப்பினர்,
வெண்புறா கால்பந்துக் கழகம்.